இரும்பில்லாத தூண்டில்

போன வருடம் ஒக்டோபர் மாதம். பௌர்ணமிப் போயா விடுமுறை நாள். பின்னேரம் மூன்று மணி இருக்கும். தன்னாமுனைக்குக் கிட்ட, ஊரில் ஆறு என்று சொல்லும் மட்டக்களப்பு வாவியில் இடுப்பளவு தண்ணீரில் தூண்டிலோடு நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்கு நடந்ததை மனைவியிடம் முழுதாகச் சொல்லவே எனக்கு இரண்டு மாதம் எடுத்தது. பயம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வெட்கம்.

முதலில் அந்தத் தூண்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் ஒரு பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியர். மனைவியின் தம்பி கனடாவிலிருந்து ஒருமுறை லீவில் வந்தபோது, ஃப்ளை ஃபிஷிங் என்று ஒரு வித்தையைக் காட்டினான். இறாலும் வேண்டாம், புழுவும் வேண்டாம். கொளுக்கியில் இறகையும் நூலையும் சுற்றிக் கட்டிய போலிப் பூச்சிதான் இரை. அதற்குப் பாரமே இல்லாதபடியால், தடித்த நூலொன்றைக் கம்பால் முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டிக் காற்றில் நீட்டி, பிறகு பதமாகத் தண்ணீரில் இறக்க வேண்டும். இரண்டே நாளில் அந்தப் பைத்தியம் எனக்கும் பிடித்துவிட்டது. போகும்போது அவன் தன் கம்பையும் கட்டிக்கொண்டு போய்விட்டான். எனக்கோ சும்மா இருந்தாலும் கை ஆடிக்கொண்டே இருந்தது.

சொந்தமாக ஒன்று வாங்குவது என்று முடிவெடுத்தேன். சம்பளக்காரன் நான். உச்ச விலை எட்டாது, மலிந்ததை வாங்கி மாதத்துக்கொன்று முறிக்கவும் மனமில்லை. நடுத்தர விலை, நெடுநாள் உழைக்க வேண்டும், இதுதான் என் கணக்கு. எங்கள் வாவித் தண்ணீர் உப்பும் நன்னீரும் கலந்தது, எந்த உலோகத்தையும் தின்றுவிடும். முன்பு வைத்திருந்த சாதாரணத் தூண்டிலின் வளையங்கள் ஒரே மாரியில் துருப்பிடித்து நூலை அறுக்கத் தொடங்கியிருந்தன. அதனால் கொழும்பில் ஒரு கடைக்குப் போன் எடுத்து எடுத்து, கடைக்காரருக்கு என் குரலே மனப்பாடமாகிவிட்டது. வளையம் துருப்பிடிக்குமா, கம்பின் துண்டுகளைப் பொருத்தும் இடம் இறுகிப் போகுமா, பிடியின் தக்கை உதிருமா, பெரிய கொடுவா மீன் ஒன்று இழுத்தால் தாங்குமா என்று ஒன்று விடாமல் கேட்டேன். கட்டாயம் கேட்டிருக்க வேண்டிய ஒன்றை மட்டும் கேட்கவில்லை.

கடைசியில் இரண்டு கம்புகள் மிஞ்சின. விலையில் பெரிய வித்தியாசமில்லை. ஒன்று கண்ணாடி நாரால் செய்தது. கொஞ்சம் பாரம், ஆனால் அடி பட்டாலும் தாங்கும். மற்றது காபன் நார். கையில் இருப்பதே தெரியாது, நூலையும் தூரத்துக்கு வீசும். நான் இழுபறிப்படுவதைப் பார்த்துக் கடைக்காரர், "இது கிராபைட் சேர், இரும்பு இல்ல, உப்புத் தண்ணியில கிடந்தாலும் துருப்பிடிக்காது" என்றார். அந்த ஒரு வசனத்தில் நான் விழுந்துவிட்டேன்.

இங்கேதான் என் வெட்கம் தொடங்குகிறது. வருடா வருடம் பிள்ளைகளுக்கு நான் படிப்பிக்கும் பாடம் இது. காபன் ஓர் அல்லுலோகம். அல்லுலோகங்கள் பொதுவாக மின்னைக் கடத்தா, ஆனால் பென்சிற்கரி கடத்தும். சோதனையில் வரும், கோடு போட்டுப் படியுங்கள் என்று மேசையில் தட்டித் தட்டிச் சொல்வேன். அந்தப் பென்சிற்கரிக்குத்தான் இங்கிலிஷில் கிராபைட் என்று பெயர். அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் வகுப்பில் அது பென்சிற்கரி, கடையில் அது கிராபைட். மின்னைக் கடத்தும் ஒன்பதடிக் கம்பைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நிற்கப்போகிறேன் என்பது மண்டையில் ஓடவே இல்லை.

கம்பு வந்து சேர்ந்த நாளிலிருந்து சனி, ஞாயிறுகளில் நான் வாவியில்தான். நான் மீன் பிடிக்கும் இடத்துக்குக் கிட்ட மூன்று பெண்கள் இறால் தடவ வருவார்கள். ஆழமில்லாத தண்ணீரில் குனிந்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவிப் பிடித்து, இடுப்பில் கட்டிய கூடையில் போட்டுக்கொண்டே போவார்கள். என் போலிப் பூச்சியையும், நான் காற்றில் நூலை ஆட்டுவதையும் பார்த்து அவர்கள் எனக்கு வைத்த பெயர் 'ஈ ஓட்டுற சேர்'. அவர்களில் மூத்தவர் என்னைவிட இரண்டு மூன்று வயது கூடியவராக இருப்பார். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என்னைக் கண்டால், இன்றைக்கு எத்தனை ஈ ஓட்டினீர்கள் என்று கேட்காமல் போகமாட்டார்.

மனைவிக்கு முதலைப் பயம். எங்கள் வாவியில் முதலை உண்டு என்பது ஊரறிந்த விசயம். அதனால் தண்ணீரில் கண் இருக்கட்டும் என்று ஒவ்வொரு முறையும் சொல்லித்தான் அனுப்புவாள். அன்றைக்கும் சொன்னாள். நானும் சொன்ன பேச்சைத் தட்டாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன். வானத்தைப் பார்க்கவில்லை.

காற்று செத்துப்போய், சட்டை முதுகோடு ஒட்டுகிற புழுக்கம். வாவிக்குள் வளர்ந்திருந்த கண்ணா மரங்களின் வேருக்குள்ளிருந்து ஒரு கொடுவா இரண்டு முறை புரண்டு காட்டியது. எனக்கு வேறொன்றும் தெரியவில்லை. பின்னால் மேற்குப் பக்கம் முகில் கறுத்துக்கொண்டு வந்ததை நான் கண்டது முதல் இடி கேட்ட பிறகுதான். உடனே கரையேறியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? அடுத்த மின்னலுக்கும் இடிக்கும் இடையில் செக்கன் எண்ணினேன். பதினைந்து வந்தது. ஒலியின் வேகத்தால் பெருக்கிப் பார்த்தால் ஐந்து கிலோமீற்றர். இன்னும் தூரம்தான் என்று எனக்கு நானே சரி போட்டுக்கொண்டு மறுபடியும் நூலை வீசினேன். அந்த மூன்று பெண்களும் முதல் இடிக்கே கூடைகளைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஏறிவிட்டிருந்தார்கள்.

இன்னும் இரண்டு மூன்று முறை வீசியிருப்பேன். பிறகு வீசிய நூல் தண்ணீரில் விழவில்லை.

பிழையாகச் சொல்லவில்லை. விழவேயில்லை. காற்று ஒரு துளியும் இல்லை, ஆனாலும் நூல் தண்ணீருக்கு மேலே வளைந்தபடி மிதந்துகொண்டு நின்றது. கம்பை ஆட்டிப் பார்த்தேன், அப்போதும் இறங்கவில்லை. அடுத்து, கம்புக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. றோட்டோரத்து ட்ரான்ஸ்போமருக்குக் கீழே நின்றால் கேட்குமே, அந்த மாதிரி ஓர் இரைச்சல். மணிக்கட்டில் எறும்பு ஊர்வது போல இருந்தது. கையிலுள்ள மயிரெல்லாம் நட்டுக்கொண்டு நின்றது. ஆனால் கால் அசையவில்லை. கம்பை விடவும் கை மறந்துபோனது. உடம்பு பயந்துவிட்டது, புத்தி மட்டும் இது என்ன புதினம் என்று பார்த்துக்கொண்டு நின்றது.

கரையிலிருந்து அந்த அக்கா கத்தினார். கம்பைப் போட்டுவிட்டு வரச் சொன்னார். நான் திரும்பி, என் வாழ்க்கையிலேயே மிக மடத்தனமான பதிலைச் சொன்னேன்.

"இது இரும்பில்லக்கா, காபன். மின்னல இழுக்காது."

அவர் கூடையைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினார். மற்ற இரண்டு பெண்களும் வேண்டாம் வேண்டாமென்று கூப்பிடுவது கேட்டது. முழங்கால், தொடை, இடுப்பு என்று தண்ணீரைத் தள்ளிக்கொண்டு என்னிடம் வந்தார். அவ்வளவு நேரமும் நான் சும்மா இருந்தேனா? இல்லை. இரும்பு வேறு, காபன் வேறு, இது ஒரு வகை நார் என்று விளக்கம் சொல்லிக்கொண்டு நின்றேன். பயத்தில் வாய் தானாக ஓடியதா, வாத்தியார் புத்தியா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"போடுங்கண்டு சொல்றன் சேர். மறுகா கதைப்பம்."

மறுகா என்றால் எங்கள் பக்கத்தில் பிறகு என்று அர்த்தம். சொல்லிக்கொண்டே என் மணிக்கட்டில் ஓங்கி ஓர் அடி அடித்தார். பிடி தளர்ந்தது. கம்பைப் பறித்து அந்தக் கண்ணா மரங்களின் பக்கம் வீசி எறிந்தார். என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக் கரையை நோக்கி இழுத்தார். அப்போதுதான் எனக்குக் கால் வந்தது. சேற்றில் கால் புதையப் புதைய இருபது முப்பது எட்டு வைத்திருப்போம். தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியிருந்தது.

எல்லாம் வெள்ளையானது. இடிச் சத்தம் கேட்ட ஞாபகம் எனக்கில்லை. யாரோ பின்னாலிருந்து இரண்டு காலையும் சேர்த்து உதைத்த மாதிரி இருந்தது, அடுத்த கணம் வாய் நிறையச் சேறு. காலிரண்டும் மரத்துக் கிடந்தன. கையை ஊன்றித் தலையைத் தூக்கிப் பார்த்தேன். அக்கா முகம் குப்புறத் தண்ணீரில் கிடந்தார். அசையவில்லை.

அதைவிடப் பெரிய பயத்தை நான் அனுபவித்ததில்லை, இனி அனுபவிக்கவும் வேண்டாம். முழங்காலால் தவழ்ந்து போய் அவரைப் புரட்டினேன். கண் பாதி திறந்திருந்தது. மூக்கடியில் கை வைத்தேன், மூச்சு இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. அக்கா, அக்கா என்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். அந்தச் சொல்தான் மனதில் வந்தது. தோளைப் பிடித்துத் தூக்கி முதுகில் தட்டினேன், திரும்பத் திரும்பத் தட்டினேன். எத்தனை தரம் என்று தெரியாது. ஒரு தரம் இருமினார். தண்ணீரும் சேறுமாகக் கக்கினார். இடது காதிலிருந்து மெல்லிய கோடாக இரத்தம் வடிந்தது.

மேலே இன்னும் வெட்டி வெட்டி மின்னிக்கொண்டிருந்தது. அடுத்தது எந்த நேரமும் விழலாம். கரைக்கு இருந்தது கொஞ்சத் தூரம்தான், ஆனால் அவரை இழுத்துக்கொண்டு போன அந்தத் தூரத்தைப் போல நீளமான ஒன்றை அதற்கு முதல் நான் நடந்ததில்லை. மற்ற இரண்டு பெண்களும் பயத்தில் அழுதுகொண்டே இறங்கி வந்து கை கொடுத்தார்கள். மழை கொட்டத் தொடங்கியது. யாரோ ஆட்டோ பிடித்தார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவருடைய கையை நான் விடவில்லை. வழியில் கண் திறந்தவர் முதல் கேட்டது, கரையில் வைத்த இறால் கூடையை யாராவது எடுத்தார்களா என்றுதான்.

உயிருக்கு ஆபத்தில்லை, காதுச் சவ்வு கிழிந்துவிட்டது என்று டொக்டர் சொன்னார். அக்காவின் கணவர் வேலைத்தலத்திலிருந்து சீமெந்துக் கையோடு ஓடி வந்தார். நான் நடந்ததையெல்லாம் அவரிடம் ஒப்புவித்தேன், ஏச்சு வாங்கவும் தயாராக நின்றேன். அவர் ஏசவில்லை.

"அவ அப்பிடித்தான் சேர். ஆத்துக்குள்ள ஆரும் நிண்டா உட்டுட்டு வரமாட்டா" என்று மட்டும் சொன்னார்.

ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்து, வலை கட்டுகிற ஒருவர் என் கம்பைக் கொண்டு வந்து தந்தார். கண்ணா மரக்கிளையில் செருகிக்கொண்டு, நுனி வானத்தைப் பார்த்தபடி நின்றதாம். பக்கத்துக் கிளையெல்லாம் கருகியிருந்ததாம். கம்பின் மேல் பாதி நார் நாராகப் பிரிந்து துடைப்பம் மாதிரி இருந்தது. நெடுநாள் உழைக்க வேண்டுமென்று மூன்று மாதம் ஆராய்ந்து வாங்கிய கம்பு, ஆறு வாரம்கூட உழைக்கவில்லை. ஆனால் அதைக் கையில் வாங்கியபோது நான் நினைத்தது அதையல்ல. என் கை அப்போது எங்கே இருந்திருக்கும் என்று பார்த்தேன். பிடியின் தக்கையில் ஒரு கருகல்கூட இல்லை. பிடியில் ஒரு அடையாளமும் வைக்காமல் என் உடம்பு வழியாக இறங்கியிருக்கும் என்று நினைக்கத்தான் இன்னும் பயமாக இருந்தது.

நான் இப்போதும் மீன் பிடிக்கிறேன். விடியற்காலையில் மட்டும், வானம் துப்புரவாக இருந்தால் மட்டும். கையில் இருப்பது கண்ணாடி நார்க் கம்பு. அதுவும் இடி நேரத்தில் ஆளைக் காப்பாற்றாது, அது எனக்குத் தெரியும். எந்தக் கம்பு நல்லது என்று யாராவது விசாரித்தால், வளையத்தையும் தக்கையையும் பற்றி ஒரு மணி நேரம் சொல்வேன். ஆனால் முதலில், இடிச் சத்தம் கேட்டால் அதைப் போட்டுவிட்டு வர உனக்கு மனம் வருமா என்றுதான் கேட்பேன்.

அக்கா மாசி மாதத்திலிருந்து மறுபடி இறால் தடவ வருகிறார். இடது காது திரும்பவில்லை. அதைப் பற்றிக் கேட்டால், வீட்டுக்காரரின் ஏச்சு இப்போது பாதிதான் கேட்கிறது, நல்லதுதானே சேர் என்று சிரிக்கிறார். நானும் சிரிக்கப் பார்ப்பேன், முடிவதில்லை. பத்திரமாகக் கரையேறியிருந்த ஒரு மனுசி எனக்காகத் திரும்பித் தண்ணீருக்குள் இறங்கி வந்துகொண்டிருந்தபோது, நான் அவருக்குப் பாடம் நடத்திக்கொண்டு நின்றேன் என்பதை நினைத்தால், இன்றைக்கும் வகுப்பில் பேச்சு பாதியில் நின்றுவிடுகிறது.