செருப்பு ரப்பரில் வெட்டிய பூ

அப்பா போய்ச் சேர்ந்து வருஷங்களாகிவிட்டன. அவர் மேல் எனக்குள்ள கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. தாமிரபரணிக் கரையில் எங்கள் வீட்டில் அப்பா பானை வனைவார். அவருடைய தங்கை, புருஷன் வீடு சரிப்படாமல் எங்களோடு வந்துவிட்ட என் அத்தை, மண்ணை மிதித்துக் குழைத்துக் கொடுப்பாள், சூளைக்கு விறகு அடுக்குவாள். சக்கரத்தில் மட்டும் கைவைக்கக் கூடாது. பொம்பளை தொட்டால் அது சுற்றாதாம்!

அத்தை அறுந்துபோன தன் ஹவாய்ச் செருப்பு ஒன்றைத் தேய்த்துக் கழுவி, அதன் ரப்பரைப் பிளேடால் செதுக்கி ஒரு பூ அச்சு செய்தாள். கரைத்த காவியில் அதைத் தோய்த்து, காய்ந்துவரும் தண்ணீர்ப் பானைகள் சிலவற்றின் கழுத்தைச் சுற்றி ஒற்றினாள். அப்பா கண்டுகொள்ளவில்லை. சூளையில் வெந்து வந்தபோது அவை ஒவ்வொன்றும் மாலை போட்டுக்கொண்டு நின்றது.

“ஏட்டி, இதெல்லாம் நான் செஞ்சதுன்னு சொல்லிக்கிடலாம்லா?” என்று என் காதில் கேட்டாள். அப்படி ஒரு ஆசை அவளுக்கு.

டவுனிலிருந்து சரக்கு ஏற்ற வந்த வியாபாரி, “பூப் போட்டத மட்டும் ஏத்தும் வே. மத்தது அங்கன கெடக்கட்டும்” என்றார். யார் கைவேலை என்றும் கேட்டார். அப்பா காதில் விழாதவர்போலப் பானைகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான்தான் முந்திக்கொண்டு, “எங்க அத்தை!” என்று கத்தினேன்.

வண்டி போனதும் அப்பா அச்சை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“என்ன ரப்பருட்டி இது?”

அத்தைக்குப் பொய் வராது. “பழைய செருப்புண்ணே. நல்லாக் கழுவிட்டேன்.”

“குடிக்கத் தண்ணி வைக்குத பானைல செருப்பையா ஒத்துத, மூதி!”

அடுத்த சூளைக்காக அவள் பூப் போட்டு வைத்திருந்த பானைகளை எல்லாம் உதைத்து நொறுக்கினார். அவள் கால் மிதித்த மண் ஆகும், அவள் காலில் கிடந்த ரப்பர் ஆகாது. எந்த ஊர் நியாயம் இது? அத்தை நொறுங்கிய பச்சை மண்ணை அள்ளித் தொட்டியில் ஊறப் போட்டாள். எனக்கு அவள் மேலும் எரிச்சலாக வந்தது.

செருப்புதானே குற்றம், அதைச் சரிபண்ணிவிடலாம் என்று நினைத்தேன். என் பள்ளிக்கூடப் பையில் புது அழிரப்பர் இருந்தது. விரலைக் கிழித்துக்கொண்டு அதில் ஒரு கோணல் பூ வெட்டினேன். மறுநாள் அப்பா பூப் போடாத பானைகளுக்குச் சூளை மூட்டிக்கொண்டிருந்தபோது அதை நீட்டினேன்.

“இது செருப்பு இல்லப்பா. புது ரப்பரு. இத வச்சு அத்தை ஒத்தலாம்லா?”

அப்பா அதை வாங்கிப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். பிறகு எரிகிற சூளைக்குள் எறிந்தார்.

காலே படாத ரப்பரில் என்ன தீட்டு என்று நான் அழுதுகொண்டே கேட்டேன். அத்தை என் வாயைப் பொத்தி உள்ளே இழுத்துப்போனாள். ரப்பர் சுத்தமாக இருந்தால் போதும் என்று நம்பியது அந்த வீட்டில் நான் ஒருத்திதான்.