சதகுப்பைக்குப் பெயர் வந்த கதை

மூத்த மகள் நர்சிங் முடித்துவிட்டு, ஜெர்மனிக்குப் போவதற்காக ஜெர்மன் படிக்கிறாள். சாயங்காலம் நான் விருத்தாசலம் செராமிக் கம்பெனி வேலையிலிருந்து வந்ததும் அவளிடம் வார்த்தை கேட்டுச் சரிபார்ப்பது என் வேலை. ஒரு வார்த்தை கிடைத்தால் அதன் பூர்வீகம் வரை நோண்டாமல் விடமாட்டேன், அப்படி ஒரு கிறுக்கு.

போன வாரம் சமையல் சாமான் பட்டியலில் 'டில்' என்று வந்தது. போனில் பார்த்தேன். தமிழில் சதகுப்பை. அதற்குமேல் அவளைக் கேள்வி கேட்க எனக்கு ஓடவில்லை.

கிரைப் வாட்டர் பாட்டில் லேபிளில் படித்த பெயர் அது. எங்கள் இரண்டாவது குழந்தை நாற்பது நாள்கூட இருக்கவில்லை. அவன் போவதற்கு முந்தின சாயங்காலம் வயிற்று வலியில் அழுதான். நானே வார்த்துச் சுட்ட பீங்கான் பாலாடையில் என் மனைவி கிரைப் வாட்டர் புகட்டினாள். விடிந்தபோது அவன் விழிக்கவில்லை. டாக்டர் காரணம் தெரியவில்லை என்றார். பாழாய்ப்போன என் வாய் சும்மா இருந்ததா? அத்தனை பேர் முன்னால், "என்னத்தடி குடுத்துத் தொலைச்ச?" என்று கேட்டேன். அந்த மருந்தால் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகும், தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. கல்லறைத் திருநாளில் அந்தச் சின்ன மேட்டில் மெழுகுவர்த்தி வைக்கும்போது அவள் என் முகத்தைப் பார்ப்பதே இல்லை.

போனில் தொடர்ந்து படித்தேன். பழைய ஜெர்மானிய மொழிகளில் அந்தப் பெயர் 'டிலெ', 'டில்லெ' என்று கொஞ்சம் கொஞ்சம் மாறி இருந்திருக்கிறது. ஐரோப்பாவின் வடக்கே பேசிய ஒரு பழைய மொழியில் 'டில்லா' என்றால் தாலாட்டுவது. அழுகிற பிள்ளையை அமர்த்துவதால் செடிக்கு அந்தப் பெயர் என்று சிலர் சொல்கிறார்களாம். கீழேயே, அதற்கு ஆதாரமில்லை, மூலம் தெரியவில்லை என்றும் போட்டிருந்தது.

எனக்கு முதல் பாதி போதுமாக இருந்தது. அடுப்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த என் மனைவியிடம் போய், "அந்தச் செடி பேருக்குத் தாலாட்டுன்னு அர்த்தமாம். உன்மேல தப்பே இல்ல" என்றேன்.

அவள் கை நின்றது. "நெசமா அதான் அர்த்தமா?"

பொய் சொல்ல வரவில்லை. "தெரியலன்னும் போட்டிருக்குது."

"டாக்டரும் தெரியலன்னுதாங்க சொன்னாரு. நான் அதோட வுட்டிருப்பேன்" என்றாள். "அன்னைக்கு நீங்கதான் கேட்டீங்க."