கடலைச் சேர்க்காத கணக்கு

புதன்கிழமை காலை வட்டகொடை ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றபோது பிரியா மூச்சு வாங்க ஓடிவந்தாள். “ஏய், சுரங்கத்து மாமா போயிட்டாருடி. நெஞ்சு வலியாம்.” கையிலிருந்த புத்தகத்தை மூடினேன். எந்தப் பக்கத்தில் விட்டேன் என்று இன்னும் தெரியவில்லை.

மாரிமுத்து மாமாவை உங்களுக்கெல்லாம் தெரியும். தோட்டத்துப் பழைய சுரங்கத்தில் பல்கலைக்கழகம் வைத்த கருவியைக் காத்தவர். நிலவும் சூரியனும் இழுக்கையில் பாறையே மிக மிகச் சிறிதாகச் சாயும். அந்தச் சாய்வை ஒரு பேனா காகிதச் சுருளில் கோடாக வரையும். சுருளில் நேரம் குறிப்பது மாமாவின் வேலை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார். “கோயிலா மாமா?” என்றால், “நான் நடந்தாலும் அதுக்குத் தெரியும் பாப்பா” என்பார்.

சென்ற ஆண்டு நம் பள்ளி விஞ்ஞானக் கழகத்துக்காக அந்தச் சுருள்களைப் படித்தேன். நிலவையும் சூரியனையும் வைத்துக் கணக்கிட்ட நேரத்தைவிட, சாய்வின் உச்சம் எப்போதும் கால் மணி பிந்தியே வந்தது. கூட்டத்தில் எழுந்து, “மாமாவின் கடிகாரம் முந்துகிறது” என்றேன்.

கருவியை மேற்பார்வை செய்ய வந்திருந்தவர், அங்கிருந்த மாமாவைப் பார்த்துச் சிரித்தார். “பெரட்டுச் சங்கு கேட்டா மணி வச்சீங்க?” காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் அந்தச் சங்கு என்றைக்கு நேரத்துக்கு ஊதியது? எல்லோரும் சிரித்தோம்.

“ரேடியோ மணிக்குத்தாங்க வைக்கிறேன்.”

“அப்ப நேரத்தத் திருத்தி எழுதிக் குடுங்க. இல்லாட்டி வேற ஆள் பாக்கணும்.”

“ஆள மாத்துங்க சார். பாத்த நேரத்த மாத்த மாட்டேன்.”

மறுநாளும் மாமா என் எதிரிலேயே ரேடியோ மணியைக் கேட்டுச் சுருளில் நேரம் குறித்தார். அதுதான் சுட்டது. இந்தச் சுருள்களை ஆராயும் பல்கலைக்கழகத்து அக்காவுக்கு எழுதிக் கேட்டேன். பதிலாக ஒரே கேள்வி வந்தது: “கடலைச் சேர்த்தாயா?”

மலையில் கடலுக்கு என்ன வேலை என்று விட்டிருந்தேன். வற்றுப்பெருக்கில் கடல் ஏறும்போது நீரின் பாரம் கடலடியை அழுத்த, தூரத்திலுள்ள நம் மலையும் சற்றே சாய்கிறதாம். கடல் நிலவோடு சேர்ந்து ஏறுவதில்லை, தன் நேரத்துக்குத்தான் ஏறும். அக்கா அனுப்பிய கடல் கணக்கைக் கூட்டியதும் என் கோடு மாமாவின் கோட்டின் மேல் அப்படியே படிந்தது.

அடுத்த கூட்டத்தில் என் பிழையை நானே வாசித்தேன். மாமாவின் வேலை தங்கியது. “கடல நான் பாத்ததே இல்ல. அது இங்க வரைக்கும் அமுத்துதா! பாவம், சங்கு மேல பழி போட்டீங்களே” என்று சிரித்தார்.

கடலைச் சேர்க்காத என் கோடும் மாமாவின் கோடும் விலகி நின்ற பழைய வரைபடத்தைக் கிழிக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். “அதையும் வச்சுக்க பாப்பா. ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருக்கிறதுதான கடல்?”

அது என் கொப்பியில் இருக்கிறது. அதன் ஓரத்தில், சுருளைப் பார்த்து மாமா எனக்காகப் பென்சிலால் குறித்துத் தந்த நேரங்கள். ஒன்றுகூட அழித்து எழுதியதில்லை.