வயிற்றுக்கு வசியம்

நான் ஒரு மடையன். இதை அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. அடுத்தவர் எழுதிய மென்பொருளில் ஓட்டை கண்டுபிடிப்பதுதான் என் உத்தியோகம். "இதுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டுக் கேட்டே அலுவலகத்தில் பாதிப் பேரைப் பகைத்துக்கொண்டவன். அப்படிப்பட்ட நான், பெங்களூர் மல்லேஸ்வரத்தில் ஒரு மாடிப்படி ஓரம் தொங்கிய மனோவசிய சிகிச்சை பேனரில் 'ஆராய்ச்சியால் நிரூபிக்கப்பட்டது' என்று படித்ததும், என்ன ஆராய்ச்சி என்றுகூடக் கேட்காமல் படியேறிவிட்டேன்.

காரணம் என் குடல். எங்கள் அலுவலகம் ஊருக்கு வெளியே அத்திபெலேயைத் தாண்டிக் குடிபோனதிலிருந்து, வீட்டுப் பக்கம் அடுகோடியில் கம்பெனி பஸ் ஏறியதுமே அதற்குக் கிலி பிடித்துவிடும். ஓசூர் ரோட்டில் எந்தப் பெட்ரோல் பங்க் கழிவறைக்குத் தாழ்ப்பாள் உண்டு, எதற்கு இல்லை என்பதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. எல்லா டெஸ்டும் எடுத்தாயிற்று. குடலில் கோளாறு இல்லை, குடலுக்கும் மூளைக்கும் பேச்சுவார்த்தைதான் சரியில்லை என்றார் வயிற்று டாக்டர். இதற்கிடையில் மேனேஜர் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் சலுகையை நிறுத்தினார். வருகிற மாதம் முதல் திங்கட்கிழமையிலிருந்து தினமும் பஸ், முடியாதென்றால் வேறு கம்பெனி.

டாக்டர் ஒழுங்காகத்தான் வழி சொன்னார். "இந்த மாதிரி குடலுக்கு ஹிப்னோதெரபி, அதான் மனோவசிய சிகிச்சை, கேக்குதுன்னு நெஜமாவே ஆராய்ச்சி இருக்கு சார். எல்லாருக்கும் கேக்காது, நெறைய பேருக்குக் கேக்குது. ஆனா முறையாப் படிச்சவங்ககிட்ட மட்டும் போங்க." ஒரு மனநல நிபுணரையும் சொன்னார். அந்த அம்மாளிடம் நேரம் கிடைத்ததோ, கெடு வைத்த திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமைதான். மல்லேஸ்வரத்துக்காரர் மட்டும் படியேறியதும் "இப்பவே உள்ள வாங்க சார்" என்றார். யாரும் வராத கடையில்தான் அப்படிக் கூப்பிடுவார்கள் என்பது ஓட்டல் விஷயத்தில் எனக்குத் தெரியும். வயிற்று விஷயத்தில் தெரியவில்லை.

மே மாத வெயிலில் கோட்டு போட்டிருந்தார் மனிதர். சிகரெட், சர்க்கரை, முடி கொட்டுவது, பரீட்சை பயம், காதல் தோல்வி எல்லாவற்றுக்கும் அதே நாற்காலி, அதே கோட்டு.

"எந்த பாஷையில வேணும் சார்? கன்னடா, இங்கிலீஷ், தமிள்?" ஐஸ்கிரீம் கடைக்காரர் மாதிரி கேட்டார். தமிழ் என்றேன். ஒரு ரெக்கார்டிங்கைப் போட்டார். 'தங்கள் விழிமடல்கள் கனக்கின்றன' என்றது ஒரு பெண் குரல், ரயில் தாமதத்துக்கு வருந்தும் தொனியில். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"சிரிப்பு வருதா? நெகட்டிவிட்டி வெளியே போகுது சார்!"

அடுத்து வயிறு கலக்கியது. எழுந்து ஓடினேன்.

"அது இன்னும் நல்லது சார்!" என்று கழிவறைக் கதவுக்கு வெளியே நின்று பாராட்டினார்.

திரும்பி வந்ததும் காரணம் கண்டுபிடித்துவிட்டார். போன ஜென்மத்தில் ஓர் அரண்மனை விருந்தில் எனக்கு விஷம் வைத்திருக்கிறார்கள். வெளியே இரண்டாம் தடவைக்காகக் காத்திருந்த ஒரு பெண்மணியிடம் பேச்சுக் கொடுத்தேன். தலைவலிக்காக வந்தவர், அவருக்கும் அரண்மனை, அதே விஷம். அந்த அரண்மனைச் சமையல்காரனைப் பிடித்து உள்ளே போட்டிருந்தால் பெங்களூரில் பாதி வியாதி வந்தே இருக்காது.

கிளம்பும்போதுதான் எனக்கு உத்தியோக புத்தி வந்தது. "என்ன ஆராய்ச்சி சார் அது?"

"ஃபாரின் ஆராய்ச்சி சார்."

"எந்த நாடு?"

"எல்லா நாடும்."

வீட்டுக்கு வந்து நானே உட்கார்ந்து படித்தேன். குடலுக்கு ஆதாரம் இருக்கிறது. வலிக்கும், ஆபரேஷனுக்கு முந்தைய பயத்துக்கும் ஓரளவு உண்டு. சிகரெட்டை விடுவதற்கு மற்ற வழிகளைவிட இது மேல் என்று உறுதியாகச் சொல்ல யாரும் துணியவில்லை. முடி கொட்டுவதற்கும் அரண்மனைக்கும் ஒன்றுமே இல்லை. குடல் கஷ்டப்பட்டு வாங்கிய நற்சான்றிதழைத் திருடி, கோட்டுக்காரர்கள் வழுக்கைத் தலையில் ஒட்டிவிடுகிறார்கள். இப்படி ஒரு பிழைப்பு! அதற்கு என்னைப் போன்ற படித்த வாடிக்கையாளர்கள் வேறு.

மனைவியிடம் பொரிந்து தள்ளினேன். அவள் அடுகோடியில் பிறந்து வளர்ந்தவள், தமிழில் கன்னடமும் கலந்து வரும்.

"ஒள்ளே கதையா இருக்கேங்க! ஒரு கத்திரிக்காயக்கூட திருப்பித் திருப்பிப் பாக்காம வாங்க மாட்டீங்க. அங்க போயி அரண்மனையில செத்துட்டு வந்திருக்கீங்க."

"ஆராய்ச்சி இருந்தா என்ன, செய்யறவங்க அத்தனை பேரும் ஃபிராடும்மா. சனிக்கிழமை அந்தம்மாகிட்டயும் போகப் போறதில்ல."

"போகாம? திங்கக்கிழமை பஸ்ஸுல உங்க வயித்த நானா புடிச்சுக்கிட்டு வருவேன்?"

போனேன். அந்த அம்மாள் கோட்டு போடவில்லை, பேனரும் இல்லை. பஸ் எங்கே நிற்கும், எந்தச் சிக்னலில் வயிறு ஆரம்பிக்கும், அப்போது என்ன நினைப்பேன் என்றெல்லாம் கேட்டார். பிறகு வயிற்றில் கை வைத்துக் கண்ணை மூடச் சொல்லி, சாதாரணத் தமிழில், மெதுவாக ஓடும் வாய்க்காலை நினைக்க வைத்தார். நான் தூங்கவில்லை, எந்த ஜென்மத்துக்கும் போகவில்லை. வயிறு மட்டும் சற்று நேரம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாரக்கணக்கில் வர வேண்டும், வீட்டிலும் தினம் பழக வேண்டும் என்றார்.

எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே, அந்தக் கோட்டுக்காரரிடம் எதிர்பார்த்த அதே பதிலை இவரிடமும் எதிர்பார்த்து, "அப்ப திங்கக்கிழமைக்குள்ள சரியாயிடும்ல மேடம்?" என்றேன்.

"ஆகாது சார், ஆனா பஸ்ஸுல ஏறுங்க."