பதினெட்டாயிரம் சொன்ன சைக்கிள்

அவனைத் தராசு என்றுதான் எங்கள் ஆட்கள் எல்லோரும் கூப்பிடுவோம். என் சித்தப்பா மகளுக்குக் கடைசிப் பிள்ளை. அப்படிப் பார்த்தால் நான் அவனுக்கு மாமன் முறை. கட்டிக்கொடுக்க என்னிடம் பெண் இல்லை, கைமாற்றுக் கொடுக்கக் காசும் இல்லை. ஆகவே இந்த மாமனால் அவனுக்கு ஒரு பிரயோசனமும் இருந்ததில்லை. அவனும் எதிர்பார்த்ததில்லை.

நீதி நியாயம் தவறாதவன் என்பதால் வந்த பேர் அல்ல அது. ஊருக்கு வெளியே லாரிகளை ஏற்றி எடை பார்க்கிற மேடை ஒன்று இருக்கிறது. அங்கே அவனுக்கு இருபத்திரண்டு வருடமாக வேலை. மேடையை ஒட்டி ஒரு அறை. அறை என்றால், நாலு பேர் உள்ளே நின்றால் ஐந்தாமவன் வெளியே நின்றுதான் மூச்சு விட வேண்டும். ஒரு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், சீட்டு அடித்துத் தள்ளுகிற பெட்டி, பக்கவாட்டில் நகர்த்தித் திறக்கிற கண்ணாடி சன்னல். லாரி ஏறும். எண் ஓடி ஓடி ஒரு இடத்தில் நிற்கும். சன்னலுக்குள் ஒரு கை நீளும். இவன் சீட்டைக் கொடுப்பான். கை போய்விடும். காலி வண்டியாக ஒரு தடவை, சரக்கோடு ஒரு தடவை, அவ்வளவுதான்.

டிரைவர்களை அவனுக்குக் கையை வைத்துத்தான் அடையாளம். "கட்டை விரல் நகம் கறுத்தவர் ரெண்டு நாளா வரல மாமா" என்பான். அவர் கறுப்பா சிவப்பா என்று கேட்டால் முழிப்பான்.

கல்யாணத்துக்குப் பார்க்காமல் இல்லை. மூன்று இடம் பார்த்தோம். முதல் இடத்தில் பையன் பேசவே மாட்டேன்கிறான் என்றார்கள். இரண்டாவது இடத்தில் பேசச் சொல்லி அனுப்பினோம். லாரி எடையைப் பற்றி அரை மணி நேரம் பேசிவிட்டு வந்தான். மூன்றாவது இடம் ஏன் தட்டிப்போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நாலாவது இடத்துக்கு நாங்களே போகவில்லை. இப்போது அவனுக்கு நாற்பத்தெட்டு.

அம்மா விட்டுப்போன வீட்டில் அக்கா, அத்தான், அவர்கள் பெண்கள் இரண்டு பேர், இவன் என்று ஐந்து பேராக இருந்தார்கள். போன வருடம் அத்தானுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. ஒரு இரவு ரயில் தூரம். சாமான் எல்லாம் லாரியில் ஏறிவிட்டது, ஒரு சைக்கிள் மட்டும் ஏறவில்லை. மலையேறுவதற்கென்றே செய்த கியர் சைக்கிள் அது. தடித்த டயர், முன்னால் ஷாக், இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், இருபத்தோரு கியர். டாக்டர் உடம்பைக் குறைக்கச் சொன்னார் என்று இருபத்தாறாயிரம் கொடுத்து அத்தான் வாங்கியது. இரண்டு மாதம் ஓட்டினார். அப்புறம் நாலு வருடம் அதன்மேல் துண்டு காய்ந்தது. உடம்பு குறையவில்லை, சைக்கிளுக்குத்தான் வண்ணம் கொஞ்சம் குறைந்தது.

"ஏழாவது மாடியில கொண்டுபோய் இதை எங்கடா வைக்கிறது? பன்னிரண்டுக்கு வித்துடு. காசை நீயே வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு அத்தான் வண்டி ஏறினார்.

அவர்கள் போன பிறகு இவன் இரண்டு அறையைப் பூட்டிவிட்டு முன்னறையிலேயே படுத்துக்கொண்டான். வேலைக்குப் போவான், வருவான். வாய் திறந்து பேசிய நாட்களை விரல்விட்டு எண்ணலாம்.

சைக்கிளைப் படம் எடுத்துப் போனில் விளம்பரம் போட்டான். பேரம் பேசுவார்கள் என்று கூட்டிப் பதினைந்து போட்டான். முதல் நாளே இரண்டு பேர் வீடு தேடி வந்தார்கள். ஒருவர் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிப் பார்த்தார், இன்னொருவர் பிரேக்கை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். ஒரு மணி நேரம் இருந்தார்கள். சைக்கிளில் ஆரம்பித்த பேச்சு மழை, மகன், மூட்டுவலி என்று எங்கெங்கோ போனது. அவர்கள் போன பிறகு இவன் கதவைச் சாத்தாமல் வெகு நேரம் உட்கார்ந்திருந்தானாம். மறுநாள் விலையைப் பதினெட்டு என்று மாற்றிவிட்டான்.

அதோடு இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அத்தான் போன் செய்வார்.

"போச்சா?"

"இல்ல அத்தான். வந்தாங்க, கம்மியாக் கேட்டாங்க."

"சரி, பாரு." பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்கும்: "சாப்பிட்டானான்னு கேளுங்க." அத்தான் கேட்பார்: "சாப்பிட்டியாம்?" "சாப்பிட்டேன்னு சொல்லுங்க." "சாப்பிட்டானாம்." அவ்வளவுதான் பேச்சு. எங்கள் குடும்பத்தில் போன் என்றால் காரியம் இருந்தால்தான் செய்வது. சும்மா கூப்பிட்டால் யாருக்கு என்னவோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். அந்தக் குடும்பத்துக்கு அப்போது இருந்த ஒரே காரியம் சைக்கிள். அது போய்விட்டால் வாசலுக்கு வருகிறவர்களும் வரமாட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை போனும் வராது. இது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

இது தெரியாமல் நான் ஒரு நாள் அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். முன்னறையில் சைக்கிள் மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று நின்றது. எதிரே இரண்டு நாற்காலி. ஒன்றில் ஒரு தையல்காரர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அது அவர் மூன்றாவது தடவையாக வந்தது என்று அப்புறம் தெரிந்தது.

"பதினெட்டா? கூட ஒரு மலையும் தர்றீங்களா?" என்றார் தையல்காரர்.

தராசு சிரித்தான். அவன் பல்லை நான் பார்த்து எத்தனையோ வருடம் இருக்கும்.

"சீட்டுல கிழிசல் இருக்கு பாருங்க. இதை நானே தச்சுக்கணும். அந்தக் கூலியையாவது கழிங்க."

"தையல்காரருக்கே தையல் கூலியா?" என்றான் இவன்.

"சரி, பதினாலு. என் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா என் கழுத்துக்கு அளவு எடுத்துடுவா. பதினாலு. முடிங்க."

"அத்தானைக் கேட்டுத்தான் சொல்லணும்."

"அந்த அத்தான் என்ன, மந்திரியா? மூணு வாரமாக் கேட்டுக்கிட்டே இருக்கீங்க" என்று சொல்லிக்கொண்டே அவர் எழுந்தார். செருப்பை மாட்டும்போது என்னைப் பார்த்து, "நல்ல மனுஷன், டீயும் நல்லா இருக்கு. ஆனா இந்த சைக்கிள் இந்த ஜென்மத்துல விக்காது" என்றார்.

அவர் போனதும் கேட்டேன்: "அத்தான் எவ்வளவுடா சொன்னார்?"

"பன்னிரண்டு."

"அவன் பதினாலு தர்றேங்கிறான். கசக்குதா?"

டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். பின்னாலேயே போனேன். அலமாரியில் இரண்டு கிலோ சர்க்கரைப் பை, பிரித்தது ஒன்று, பிரிக்காதது ஒன்று. ஒண்டிக்கட்டைக்கு எதற்கு இவ்வளவு சர்க்கரை என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் எனக்கே புரிந்துவிட்டது. கேட்கவில்லை. என் டம்ளரைத்தான் கடைசியாகக் கழுவினான். கழுவினதையே கழுவிக்கொண்டிருந்தான்.

அப்புறம் நடந்ததில் பாதி அவன் சொன்னது, பாதி அவன் அக்கா சொன்னது.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே, ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். மருந்துக்கடையில் வேலை. படுக்கையில் இருக்கிறவர்களுக்கு வீடு தேடிப் போய் மருந்து கொடுக்க வேண்டும். அவள் பங்குக்கு வந்ததெல்லாம் ஊரின் மேட்டுத் தெருக்கள். இருக்கிற சைக்கிளை ஓட்டியது பாதி, தள்ளியது பாதி. உள்ளே வந்தவள் உட்காரவில்லை. பெடலை ஒரு சுற்று சுற்றினாள், கியரை மேலும் கீழும் மாற்றிப் பார்த்தாள், தெருமுனை வரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்தாள். பையைத் திறந்து பதினெட்டாயிரத்தை நீட்டினாள்.

இவனுக்குக் கை வரவில்லை.

"நீங்க குறைச்சுக் கேட்கலையே?"

"பேரம் பேச நேரம் இல்லண்ணே. இன்னும் நாலு வீடு பாக்கி."

"டீ போடறேன்."

"வேண்டாண்ணே."

"பின் பிரேக் கத்தும்."

"மேட்டுலேர்ந்து இறங்கும்போது கத்தினா நல்லதுதான், குறுக்க வர்றவங்க விலகிக்குவாங்க."

ஆறு மாதமாகப் பேரம் பேசுகிறவர்களையே பார்த்தவனுக்கு, பேசாமல் நீட்டுகிறவளிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. கேட்ட விலையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தி நின்றால், விற்கமாட்டேன் என்று சொல்ல எந்த விற்கிறவனுக்கும் வாய் கிடையாது. வாங்கிக்கொள்ளவும் அவனால் முடியவில்லை. எடை மேடையில் ஐம்பது கிலோ கூட்டிப் போடச் சொல்லி எத்தனையோ பேர் அவனிடம் கெஞ்சியிருக்கிறார்கள், ஒரு சீட்டில்கூட அவன் அதைச் செய்ததில்லை. இந்தப் பதினெட்டோ ஆள் வந்து போவதற்காக அவனே கூட்டிப் போட்ட எடை.

"பன்னிரண்டு கொடுங்க போதும். அதான் இதோட விலை" என்றான்.

அவள் பணத்தைச் சட்டென்று பைக்குள் இழுத்துக்கொண்டாள். "எதுக்குண்ணே குறைக்கிறீங்க? நான் கேட்கவே இல்லையே. இது யாரோட சைக்கிள்?"

"எங்க அத்தானோடது."

"அவரு எங்க?"

"வேற ஊர்ல."

"நீங்க இங்க தனியா இருக்கீங்க, அத்தான் வேற ஊர்ல, பதினெட்டு சைக்கிள் திடீர்னு பன்னிரண்டு. எனக்கு வேண்டாண்ணே. நாளைக்குப் போலீஸ்காரர் வந்து நின்னா மருந்துக்கடை முதலாளி என்னை வேலையை விட்டுத் தூக்கிடுவார்." வாசல் வரை போய்விட்டாள்.

அவன் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும். அவள் போயிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை போன் வந்திருக்கும், தையல்காரர் நாலாவது தடவை வந்திருப்பார். அந்த நேரத்தில் அது மனசில் ஓடாமல் இல்லை என்று அவனே என்னிடம் சொன்னான். ஆனால் அவள் செருப்பு மாட்டக் குனிந்தபோது அவள் பழைய சைக்கிள் அவன் கண்ணில் பட்டதாம். கேரியரில் மருந்துப் பெட்டி, பெட்டி நகராமல் இருக்கக் கட்டிய துணி, அந்தத் துணியும் நைந்து கிடந்தது.

"இருங்கம்மா" என்று சொல்லி அத்தானுக்குப் போன் போட்டான். வாழ்க்கையில் முதல் தடவையாக வார நாளில்.

"யாருக்கு என்னடா?" என்று அத்தான் பதறினார்.

"யாருக்கும் ஒண்ணுமில்ல அத்தான். சைக்கிள் உங்களோடதுதான்னு இவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

போனை அவளிடம் கொடுத்தான். "ஆமாம்மா, என்னோடதுதான். பன்னிரண்டுதான் நான் சொன்னது, முதல் நாள்லேர்ந்தே" என்று அத்தான் சத்தமாகச் சொன்னது இவனுக்கும் கேட்டது. அவள் கேட்டாள்: "அப்புறம் ஏன் சார் இவர் பதினெட்டுன்னு போட்டிருக்கார்?"

"அதை நான் அவன்கிட்ட கேட்டுக்கறேன்மா. நீ பயப்படாம எடுத்துக்கோ" என்று சொல்லி அத்தான் வைத்துவிட்டார்.

அவள் பன்னிரண்டைக் கொடுத்தாள். அவள் உயரத்துக்கு இவன் சீட்டை இறக்கிக் கொடுத்தான். இரண்டு நிமிட வேலையைப் பத்து நிமிடம் செய்தான். "டிஸ்க்குல மட்டும் எண்ணெய் பட்டுடக் கூடாது" என்றான். அதை இரண்டு தடவை சொன்னான். புதுச் சைக்கிளில் ஏறி, பழையதை ஒரு கையால் பிடித்து இழுத்துக்கொண்டு அவள் போய்விட்டாள். விளம்பரத்தை எப்படி எடுப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. இன்னும் ஏழெட்டுப் பேர் போனில் கேட்டார்கள். "போயிடுச்சுங்க" என்று சொன்னதும் வைத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் போன் வரவில்லை. பத்தரை ஆனது. பதினொன்று ஆனது. சைக்கிள் போன செய்தி போய்விட்டது, இனி எதற்குக் கூப்பிடுவார்கள்? அத்தானுக்குக் கோபமோ என்றும் ஒரு எண்ணம். பதினொன்றேகாலுக்கு இவனே போட்டான்.

எடுத்தது அக்கா.

"அவரு குளிக்கிறாரு. என்னடா, என்ன விஷயம்?"

"விஷயம் ஒண்ணும் இல்லக்கா."

"ஒண்ணுமில்லாம நீ போன் பண்ணினதே இல்லையே. உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"பதினெட்டாடா போட்டே அதுக்கு? உங்க அத்தான் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். அந்த விலைக்கு எவன்டா வாங்குவான்?"

"யாரும் வாங்க மாட்டாங்கன்னு தெரியும்க்கா" என்றான்.

வழக்கம்போல, "சாப்பிட்டியா?" என்றாள் அக்கா. இந்தத் தடவை நடுவில் அத்தான் இல்லாமல் நேராக அவனிடமே கேட்டாள்.

"இனிமேதான்."

"சரிடா, அடுப்புல பால் வச்சிருக்கேன். போனை வச்சுடட்டுமா?"

"வைக்காதே அக்கா."

"ஏன், என்ன சொல்லணும்?"

"சொல்ல ஒண்ணும் இல்ல. சும்மா கொஞ்ச நேரம் இரேன்."

"இரு, அடுப்பை அணைச்சுட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அவள் போனை அப்படியே அடுப்பு மேடைமேல் வைத்துவிட்டுப் போனாள். அவள் அடுப்பை அணைத்தது கேட்டது. குழாயில் தண்ணீர் விழுந்தது, ஒரு பாத்திரம் நகர்ந்தது. சின்னவள் எதையோ காணோம் என்று கத்தினாள், பெரியவள் உன் தலையிலதான் இருக்கு என்றாள். இவன் போனைக் காதில் வைத்தபடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.