சக்களத்தியின் சுக்கான்

அக்காவுக்குத் தண்ணீர் என்றால் குலைநடுக்கம். பாலத்தைக் கடக்கும்போது பேருந்துக்குள்ளேயே கண்ணை இறுக்க மூடிக்கொள்வாள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷனோ பாய்மரப் படகோட்டி. சுற்றிப்பார்க்க வருகிறவர்களைக் கடலில் கொஞ்ச தூரம் அழைத்துப்போய் வருவதுதான் அத்தானுக்குப் பிழைப்பு. அக்கா வாசலறையில் தையல் மிஷினோடு மல்லுக்கட்டுவாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தப் படகில் அவள் கால் வைத்ததே இல்லை. "அது என் சக்களத்தி. அவ இருக்கிற இடத்துக்கு நான் எதுக்குப் போகணும்?" என்பாள்.

அன்று அத்தான் மாவுக்கட்டுக் காலோடு ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். கடலிலேயே காலம் தள்ளுகிற மனிதர் வீட்டு மாடிப்படியில் வழுக்கி விழுந்திருந்தார். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துவிட்டுத்தான் நான் ஒத்தாசைக்கு வந்திருந்தேன். மத்தியானம் காற்று கிளம்பியது. துறைக்கு வெளியே மிதவையில் கட்டிக் கிடந்த படகைப் பைனாகுலரில் பார்த்தவர் அலறினார்.

"போச்சு! சுக்கான் பிடியை எவனும் கட்டலை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிச்சுக்குது பாரு!"

"அடிச்சா என்ன அத்தான்?"

"ஒவ்வொரு அலையும் சுக்கானைப் பிடிச்சு அறையும்மா. கீல் பிஞ்சா சுக்கான் கடலோட போயிடும். அப்புறம் சோத்துக்கு எங்க போறது? பிடியை நடுவுல நிறுத்தி ரெண்டு பக்கமும் இழுத்துக் கட்டினா அசையாது. அவ்வளவுதான் வேலை!"

தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டார். அவரவருக்கு அவரவர் படகு. ஒருத்தரும் வருவதாக இல்லை. தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தி ஓய்ந்தவர், குளிக்கும்போது கட்டு நனையாமலிருக்கச் சுற்றும் பாலித்தீன் பையை எடுத்துக் காலில் சுற்றத் தொடங்கினார்.

"காலையிலேயே குளிச்சாச்சே?" என்றேன்.

"சும்மாதான்" என்றார். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

தண்ணீர் கொண்டுவந்த அக்கா அந்தக் காலை ஒரு பார்வை பார்த்தாள். "தைச்ச துணியைக் குடுத்துட்டு வந்துடறேன். அவரை எழுந்திரிக்க விடாதே" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். இந்தக் காற்றில் துணி கொடுக்கப் போகிறாளே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அத்தான் மறுபடியும் கத்தினார். "படகுல எவனோ ஏறியிருக்கான்! திருட்டுப்பய!"

பைனாகுலரைப் பிடுங்கிப் பார்த்தேன். ஓர் உருவம் படகின் பின்பக்கம் தவழ்ந்துகொண்டிருந்தது. அதன் கழுத்தில் மஞ்சள் இஞ்சு டேப். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அத்தான்... அது அக்கா."

அவர் நம்பவில்லை. வாங்கிப் பார்த்தவருக்குத் திறந்த வாய் மூடவில்லை. "அவளுக்கு நீச்சல் தெரியாதே... நீச்சல் தெரியாதே..." என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் துறைக்கு ஓடினேன். அவளை இறக்கிவிட்ட சின்னப் படகுக்காரர் அலையில் கிட்டே போக முடியாமல் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். அக்கா கையோடு கொண்டுபோன லைனிங் துணியால் பிடியை இரண்டு பக்கமும் கட்டிவிட்டு, அதன்மேலேயே கவிழ்ந்து கட்டிப்பிடித்துக் கிடந்தாள். படகு தாழும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் போவாள். திரும்பத் தெரியும்வரை எனக்கு மூச்சே வரவில்லை.

காற்று தணிந்தபிறகுதான் அவளைக் கரை சேர்த்தார்கள். பல் கிட்டித்துப் போயிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. அத்தான் எப்படித்தான் வந்தாரோ, கோலை ஊன்றி நொண்டி நொண்டி வந்து நின்றார். ஏதாவது சொல்ல வேண்டுமே! உளறினார்.

"சுக்கான்... சுக்கான் தப்பிச்சுதா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் கோலைப் பிடுங்கி நாலு சாத்து சாத்தியிருப்பேன். அக்கா நிமிர்ந்தாள்.

"தப்பிச்சுது. ஆனா சுக்கானுக்காகவா நான் போனேன்? நான் போகலைன்னா, அந்தக் கட்டோட நீங்க கடல்ல இறங்கியிருப்பீங்க."

அத்தான் குனிந்து காலைப் பார்த்தார். பாலித்தீன் பை அப்படியே இருந்தது.