வெந்நீர் அடுப்புக்கு வாங்கிய மெஷின்

புயல் போன மறுநாள் காலை, எங்கள் வீட்டுப் பின்பக்கத்து வேப்பமரம் குளியலறைக் கூரைமேல் படுத்திருந்தது. முதலியார்பேட்டையில் அன்று மரம் விழாத தெருவே இல்லை. அப்பா கோடாலியை எடுத்துப் போய் இரண்டு கிளைகளை வெட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். வேலை பார்த்த மில் மூடியதிலிருந்து அவர் எதைத் தொடங்கினாலும் பாதியில் உட்கார்ந்துவிடுவார். தெருவில் தலைகாட்டுவதும் நின்றுபோயிருந்தது. யாராவது, இப்போது என்ன வேலை என்று கேட்டுவிடுவார்களாம்.

மரம் அறுக்கிற மெஷின் ஒன்று வாங்கினால் வெந்நீர் அடுப்புக்கு வருஷம் முழுக்க விறகு ஆச்சு என்று அம்மாதான் ஆரம்பித்தாள். சீட்டுப் பணம் கையில் இருந்தது. மூவரும் பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு கடைக்குப் போனோம்.

"இன்னா வெட்டணும்?" என்றார் கடைக்காரர்.

"அடுப்புக்கு வெறகுதான்" என்றார் அப்பா, தரையைப் பார்த்தபடி.

கரண்டில் ஓடுகிற சின்ன மெஷினைக் கடைக்காரர் எடுத்து வைத்தார். ஆரஞ்சு நிறம், பொம்மை போல அழகாக இருந்தது. வீட்டுக்கு இது போதும், எடையும் கம்மி என்றார். அப்பா தலையாட்டினார். எனக்கும் அதுதான் வேண்டும்.

அம்மா கேட்டாள்: "கரண்ட் இல்லாத எடத்துல ஓடுமா?"

"ஒயரு எட்டுற தூரந்தாம்மா."

"அப்ப பெட்ரோல் போடுறது காட்டுங்க."

அது பெரியது, கறுப்பு, அழுக்கு நிறம். பிளேடே என் கை நீளம் இருந்தது. "நம்ம ஒரு மரத்துக்கு எதுக்கு இவ்ளோ பெருசு?" என்று அப்பா முணுமுணுத்தார். அம்மா விடவில்லை. "கையில புடிச்சுப் பாருங்க. ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க."

கடை வாசலில் வைத்து அப்பா கயிற்றை இழுத்தார். ஒன்றுமில்லை. மறுபடி இழுத்ததும் அலறிக்கொண்டு கிளம்பியது. மார்க்கெட்டிலிருந்து கூடையோடு வந்த மீன்காரம்மா ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டு, "ஊரையே செவுடாக்கப் போறியா?" என்று திட்டினாள். திட்டு வாங்கிக்கொண்டு அப்பா சிரித்தார்.

அதையே வாங்கினோம். ஆட்டோவில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

எங்கள் மரத்தின் கிளைகளை அறுத்துக் கூரையை விடுவித்ததுமே எதிர்வீட்டு அத்தை வந்து நின்றார். அவர்கள் வீட்டு முருங்கை சாய்ந்து கிடந்தது. "அவரையே கேளுங்க" என்று அம்மா உள்ளே போய்விட்டாள். அப்பா தயங்கித் தயங்கித்தான் தெருவைத் தாண்டினார். அடுத்து பக்கத்துத் தெரு, பிறகு கோரிமேடு. யார் யாரோ வந்து கூப்பிட்டார்கள். காலையில் சோற்று டப்பாவோடு கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் வருவார், சட்டையெல்லாம் மரத்தூளும் பையில் கூலிப் பணமுமாக.

எங்கள் வேப்பமரத்தின் அடிமரம் மட்டும் அப்படியே கிடந்தது. ஒருநாள் வெந்நீருக்கு விறகில்லாமல் அம்மா கொல்லையில் கோடாலியால் அதைக் கொத்திக்கொண்டிருந்தாள். வியர்வை வழிந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"நமக்குன்னு வாங்குனது நமக்கே இல்ல. அப்பவே அந்தச் சின்னதை வாங்கியிருக்கலாம்ல?"

அம்மா நிமிர்ந்தாள். நான் பக்கத்திலேயேதான் நின்றிருந்தேன். ஆனால் நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள்:

"அப்பா வேலைக்குப் போயிருக்காருடி!"

எதற்கு இப்படிக் கத்துகிறாள் என்று எண்ணியபடி, நான் சிராய்களைப் பொறுக்க ஆரம்பித்தேன்.